ஈரத்துக்கு ஈடுகொடுத்தவை: எங்கள் வீட்டில் நெடுநாள் புழங்கிய பொருள்கள்

பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்பும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இது நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும் என்பதே. விலை, பெயர், தோற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில், விடியற்காலையில் அது 90 விழுக்காட்டையும் தாண்டிவிடும் ஊரில், காயாத பொருள் நாறும், பூசணம் பிடிக்கும், துருவேறும், ஒட்டு விடும். குளிரும் வறட்சியும் நிறைந்த நாடுகளில் பாராட்டப்பட்ட எத்தனையோ பொருள்கள் இங்கே வந்து சில பருவங்களுக்குள் பழுதாகிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பொங்கோல் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் என் கணவர், அத்தை, நான் ஆகிய மூவரும் பல ஆண்டுகளாகப் புழங்கி, இன்னமும் மாற்றிக்கொள்ள மனம் வராத பொருள்களைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிரைண்டர். வாரம் தவறாமல் ஓடும் எங்கள் எல்ஜி அல்ட்ரா (Elgi Ultra) 2 லிட்டர் மேசைக் கிரைண்டரை, இந்த வீட்டில் உள்ள எல்லா மின்சாதனங்களுக்கும் மேலாக மதிக்கிறேன். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருப்பது பலரும் அறிந்ததுதான். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை என்பது மிக்சியில் அரைத்த மாவையும் இதில் அரைத்த மாவையும் அடுத்தடுத்த பாத்திரங்களில் வைத்துப் பார்த்தால் தெரியும். மிக்சியின் பிளேடு அதிவேகத்தில் சுழன்று உளுந்தைச் சூடாக்கிவிடுகிறது. கிரைண்டரின் கல்லோ நிதானமாக உருண்டு, மாவுக்குள் காற்றைச் சேர்த்துக்கொண்டே அரைக்கிறது. அரைமணி நேரத்துக்குப் பிறகு ஒரு துளி உளுந்து மாவைத் தண்ணீரில் போட்டால் அது மிதக்கிறது. அந்த மாவில்தான் இட்லி பூப்போல வருகிறது. மோட்டாரும் சுமார் 150 வாட்தான் என்பதால் மின்கட்டணத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

சிங்கப்பூரில் மாவு அரைப்பவர்களுக்குப் புளிக்கவைப்பதைவிடப் புளிப்பை நிறுத்துவதுதான் பெரிய வேலை. தமிழ்நாட்டில் மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லையே என்று போர்வை சுற்றி வைப்பார்கள். இங்கே சமையலறை இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மாவைப் பொங்கச் செய்யும் லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்களுக்கு அது மிகவும் ஏற்ற வெப்பநிலை. இரவு பத்து மணிக்குக் கரைத்து வைத்த மாவு, விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுவிடும். அதற்குமேல் இரண்டு மணி நேரம் வெளியிலேயே விட்டால் தோசைக்குத்தான் ஆகும். நான் திருமணமாகி வந்த புதிதில் அத்தை சொன்னது இன்றும் எங்கள் வீட்டு விதியாக இருக்கிறது: “இந்த ஊர்ச் சூட்டுக்கு உப்பை ராத்திரியே போட்டுக் கரைச்சிடும்மா. காலையில போட்டுக்கலாம்னு விட்டா, எழுந்திரிக்கறதுக்குள்ள புளிச்சுக் கிடக்கும்.” உப்பு புளிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதால் அத்தை சொல்வது சரியான கணக்கு. அரைக்கும்போது குளிர்ந்த நீரையே சேர்க்கிறோம். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உருட்டு உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம் என்ற அளவையும் மாற்றுவதில்லை.

இந்தக் கிரைண்டர் இத்தனை காலம் உழைப்பதற்கு அதைக் காயவைக்கும் முறையும் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் போதாது. அதைத் தூக்கிப் பார்த்தால், அடியில் அச்சு வந்து பொருந்தும் குழிக்குள் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடமிருக்கும்; அங்கே ஒட்டிக்கொண்ட மாவுக் கரைசல் கண்ணில் படாமலேயே கறுத்துவிடும். ஒரு துணியைச் சுருட்டி அந்தக் குழிக்குள் விட்டுத் திருகினால் சாம்பல் நிறத்தில் ஈரம் வரும். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடைக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வைத்து, கற்களைத் தனியே கம்பித் தட்டில் வைத்து, மூடியைப் போடாமல் ஒரு பகல் முழுவதும் விட்டுவிடுகிறோம். பெல்ட் தளர்ந்தபோது இங்கே இந்தியக் கடைகள் நிறைந்த சிராங்கூன் ரோட்டிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். உதிரிப் பாகம் இங்கேயே கிடைக்கும் பொருளை வாங்குவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அப்போது விளங்கியது.

ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இரண்டு நாடுகளிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான், அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மோட்டாருக்குத் தீங்கில்லை. ஆனால் இந்தியாவில் உருண்டை முனை பிளக், இங்கே சதுர முனை கொண்ட 13 ஆம்பியர் மூன்று முனை பிளக். அந்த வேறுபாட்டைச் சமாளிக்க மலிவான அடாப்டரைச் செருகி, நிலத்தொடர்பு (எர்த்) இல்லாமல், தண்ணீர் புழங்கும் இடத்தில் கிரைண்டரை ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பிளக்கும் அடாப்டரும் இங்கே பாதுகாப்பு முத்திரை கட்டாயமாக இருக்க வேண்டிய பொருள்கள். அந்த முத்திரையைப் பார்த்து வாங்குவதற்குக் கூடுதலாகச் சில வெள்ளி (டாலர்) ஆனாலும் கொடுத்துவிடலாம்.

காப்பித்தூளைப் பற்றி ஒன்று மட்டும். சிக்கரி கலந்த தூள் இந்தக் காற்றில் இரண்டு வாரங்களில் கட்டிபட்டுவிடும்; குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தாலும், திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றின் ஈரம் தூளின்மேல் படிகிறது. ஆகவே தேக்கா சந்தைப் பக்கம் போகும்போது 200 கிராமுக்கு மேல் நாங்கள் வாங்குவதில்லை. இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியிலேயே வைக்கிறோம். அப்பளத்துக்கும் இதே கதிதான்.

அலுவலகத்துக்கு நான் எடுத்துச் செல்வது மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். கடைச் சாப்பாட்டைத் தாபாவ் (பார்சல்) செய்து பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிவருவது எளிது என்று தெரிந்தும் இதை விடாமல் இருக்கிறேன், ஏனெனில் இதில் ரப்பர் வளையம் எதுவும் இல்லை. காற்றுப்புகாத நவீன டப்பாக்களின் மூடியில் உள்ள சிலிக்கோன் வளையத்தை ஒருமுறை கத்தி முனையால் நெம்பி எடுத்துப் பார்த்தால், அதன் அடியில் கறுப்புப் புள்ளிகள் இருப்பதைக் காணலாம். கேரியரில் சாம்பார் கொண்டுபோனால் சிந்தாதா என்றால், அடித்தட்டில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றாமல், ரயிலில் மடியில் வைத்துக்கொண்டால் சிந்துவதில்லை. தஞ்சோங் பகார் அலுவலகத்தில் மதியம் கழுவிப் பிரித்து வைத்தால், மாலை கிளம்புவதற்குள் குளிரூட்டியின் காற்றில் முழுமையாகக் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் போத்தலுக்கும் அதே அளவுகோல்தான்: கை நுழையும் அகலமான வாய், கழற்றிக் கழுவக்கூடிய வளையம், உறிஞ்சுகுழல் இல்லாத மூடி. குழாய்த் தண்ணீரையே அச்சமின்றிக் குடிக்கக்கூடிய ஊரில் நல்ல போத்தல் ஒன்று இருந்தால் போதும்.

உடற்பயிற்சி என்று நாங்கள் சொல்வது நடைதான். பொங்கோல் நீர்வழியின் நீளம் 4.2 கிலோமீட்டர்; 2011-ல் திறக்கப்பட்ட அந்தக் கரையோரப் பாதையில் சூரியன் எழுவதற்கு முன்பே, அதாவது ஏழு மணிக்கு முன்பே, நடக்கத் தொடங்கிவிட வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். ஆவியானால்தானே உடல் குளிரும். எனவே இங்கே ஐந்து கிலோமீட்டர் நடப்பது குளிர்நாட்டில் அதே தூரம் நடப்பதைக் காட்டிலும் உடலுக்குக் கடுமையான வேலை. திரும்பி வந்ததும் நாங்கள் குடிப்பது உப்பும் இஞ்சியும் போட்ட நீர்மோர். கடைப் பானம் வாங்குவதாக இருந்தால், 2022 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த நியூட்ரி-கிரேட் என்னும், பானங்களை ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் முத்திரையைப் பார்க்கலாம்: 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. நடந்து கரைத்ததை ஒரே போத்தலில் திரும்பச் சேர்த்துக்கொள்ளாமல் இருக்க அந்த ஓர் எழுத்து மிகவும் உதவுகிறது.

காலணியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் சிங்கப்பூரில் பலருக்கும் நேரும் ஓர் இழப்பு இது. எங்களோடு நடக்க வரும் பக்கத்து புளோக் அக்கா ஒருவர், நல்ல விலை கொடுத்து வாங்கிய காலணியைப் பயணங்களுக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். ஒரு நாள் அதை அணிந்து வந்தார். நீர்வழியின் கெலோங் பாலத்தைத் தாண்டுவதற்குள் அடிப்பகுதி ஊறிய ரொட்டியைப் போல உதிரத் தொடங்கியது. குனிந்து பார்த்தால், மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த நுரை மட்டும் விரலால் தொட்டாலே பொடிப்பொடியாக வந்தது. “புதுசும்மா இது, நாலு தடவகூடப் போட்டிருக்க மாட்டேன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். போடாமல் வைத்திருந்ததுதான் அங்கே சிக்கல். பாலியூரித்தேன் என்னும் நுரையால் செய்த அடிப்பகுதியைக் காற்றிலுள்ள நீர் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. வேதியியலில் அதை நீராற்பகுப்பு என்பார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது விரைந்து நடக்கும். மூடிய பெட்டிக்குள், இருட்டில், காற்றோட்டமின்றி வைத்திருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே நடைக்காலணி வாங்கும்போது அடிநுரை ஈவிஏ என்னும் மற்றொரு நுரை வகையா என்று கேட்டு வாங்குகிறோம். ஈவிஏ காலப்போக்கில் அமுங்கித் தட்டையாகும். ஆனால் இப்படி உதிராது. எனக்கு நியூ பேலன்ஸ் காலணி பிடித்திருப்பதற்குக் காரணம், அதில் பல மாதிரிகள் அகலமான பாதத்துக்கேற்ற அளவுகளிலும் கிடைக்கின்றன. சிறுவயது முழுவதும் செருப்போடு திறந்த பாதமாக நடந்து பழகிய நம்மில் பலருக்கு விரல்பகுதி விரிந்திருக்கும், சாதாரண அகலத்தில் சுண்டுவிரல் நசுங்கும். மேல்பகுதி முழுவதும் வலைத்துணியாக இருக்க வேண்டும் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். நீர் புகாத மேல்பகுதி கொண்ட காலணி, மழையூருக்கு ஏற்றது என்று தோன்றினாலும் எனக்கு ஒத்துவரவில்லை: மேலிருந்து கணுக்கால் வழியாக இறங்கிய நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது, காய இரண்டு நாள் ஆகிறது. வலைத்துணிக் காலணியோ, உள்தட்டை உருவி எடுத்து மின்விசிறியின் முன் வைத்தால் மறுநாள் காலையில் தயாராகிவிடுகிறது. எண்ணூறு கிலோமீட்டருக்குள் ஒரு காலணியின் நுரை தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. குதிகாலில் அதிர்வு தெரிய ஆரம்பித்தாலே மாற்றிவிடுகிறேன். இரண்டு இணைகளை மாறி மாறி அணிகிறேன். வாசலுக்கு வெளியே இருக்கும் காலணிப் பெட்டியில் எதையும் நெடுநாள் சும்மா கிடக்க விடுவதில்லை.

கைக்கடிகாரம் கார்மின் ஃபோர்ரன்னர் 55. 2021-ல் வெளிவந்த, அப்போதே எளிமையான மாதிரி. தொடுதிரை இல்லை, ஐந்து பொத்தான்கள் மட்டுமே. வியர்த்த விரலால் தொடுதிரையைத் தேய்த்துப் போராடியவர்களுக்கு அந்தப் பொத்தான்களின் அருமை தெரியும். திரை வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. குறை, அதனுடன் வரும் சிலிக்கோன் பட்டை: அதன் அடியில் வியர்வை தேங்கி மணிக்கட்டில் அரிப்பு வந்தது. 20 மில்லிமீட்டர் நைலான் பட்டைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசிக் காயப்போடுகிறேன்.

துணிகளில் என் கருத்து மெல்ல மெல்லத்தான் உருவானது. பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் தன்னிடமே வைத்துக்கொள்ளும். செயற்கை இழை விரைவில் காயும், ஆனால் உடலின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொண்டு சில மாதங்களில் துவைத்தாலும் போகாத வாடையைத் தரும். ஆகவே எந்த வேலைக்கு எந்தத் துணி என்று பிரித்துக்கொண்டேன். நடைக்குச் செயற்கை இழைச் சட்டை. வந்த உடனேயே அதைத் தண்ணீரில் அலசிவிடுவது, துணி மென்மையாக்கும் திரவத்தை அதில் சேர்க்காமல் இருப்பது என்ற இரண்டு பழக்கங்களால் அந்த வாடையைப் பெரும்பாலும் தவிர்க்க முடிகிறது. அந்தத் திரவம் இழையின்மேல் மெழுகுபோலப் படிந்து, ஈரத்தை வெளியே கடத்தும் அதன் இயல்பையே கெடுத்துவிடும். அலுவலகச் சட்டைக்குள் அணிய யூனிக்லோவின் ஏரிசம் உள்ளாடைகளை நானும் கணவரும் நம்பியிருக்கிறோம். வியர்த்தபடி ரயிலேறிக் குளிரூட்டிய பெட்டிக்குள் நிற்கும்போது முதுகில் ஈரம் சில்லிட்டு ஒட்டாமல் இருப்பது அதன் பெரிய நன்மை. கழுத்து ஓரம் ஓராண்டுக்கு மேல் போனால் நெளிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் வீட்டிலும் கோயிலிலும் கைத்தறிப் பருத்திக்கு ஈடு எதுவும் இல்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலுடன் நடக்கும்போது, பாலியெஸ்டர் கலந்த பளபளப்பான வேட்டியை உடுத்திக்கொண்டு வந்தவர்கள் அதை நொடிக்கொரு தரம் காலிலிருந்து விலக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். என் கணவரின் பருத்தி வேட்டி நனைந்தாலும் உடலோடு ஒட்டாமல் காற்றை உள்ளே விடுகிறது. எனக்கு மதுரைச் சுங்குடிச் சேலை. மெல்லிய நெசவு, கைக்குள் அடங்கும் எடை. கஞ்சி மிதமாகப் போட்டால் போதும், அதிகம் போட்டால் இந்த ஈரக்காற்றில் கஞ்சியே பூசணத்துக்கு உணவாகிவிடும்.

துணி காயவைப்பது இங்கே தனிக் கலை. சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் துணியைக் கோத்து நீட்டும் பழக்கம் எங்கள் அத்தைக்கு இன்றும் பிடிக்கும். மதியம் இரண்டு மணிக்கு வானம் இருண்டால், கழியை உள்ளே இழுக்க அவர் ஓடும் வேகத்துக்கு நாங்கள் ஈடுகொடுக்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதுவும் நடக்காது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கியில் பெய்த மழை, அந்த மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அதிகம். அப்போதெல்லாம் துணி வீட்டுக்குள்தான் காய வேண்டும்.

குடைக்கு ஒரே ஒரு குறிப்பு: கம்பிகள் கண்ணாடி இழையால் ஆனவையாகவும், மேலே காற்று வெளியேற இரட்டை அடுக்குத் துணி உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். ஏப்ரல் முதல் நவம்பர்வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து சுழன்று வரும் காற்றுமழையில் எஃகுக் கம்பிகள் மடங்கிவிடும், மடங்கிய இடத்தில் துருவும் ஏறும்.

கடைசியாக, இவை அனைத்தையும் காப்பாற்றும் பொருள்: ஈரம் உறிஞ்சும் இயந்திரம், அதாவது டிஹியூமிடிஃபையர். இதில் கம்ப்ரசர் வகை, உலர்பொருள் வகை என்று இரண்டு உண்டு. உலர்பொருள் வகை குளிர்ந்த நாடுகளுக்கு உகந்தது, இயங்கும்போது அறையையும் சூடாக்கும். நம் ஊரின் வெப்பத்துக்குக் கம்ப்ரசர் வகையே சிறப்பாக வேலை செய்கிறது. சிறிய அறையில் துணிகளைக் கொடியில் போட்டு, கதவைச் சாத்தி, ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் அமைத்து, ஒரு மேசை விசிறியையும் துணிகள் பக்கம் திருப்பிவிட்டால், இரவு போட்ட கனமான துண்டுகள்கூடக் காலைக்குள் காய்ந்துவிடுகின்றன. விசிறி இல்லாமல் இயந்திரத்தை மட்டும் ஓட்டினால் கொடியின் நடுவில் உள்ள துணிகள் ஈரமாகவே நிற்கும். பட்டுப்புடவைகளும் தோல் பைகளும் இருக்கும் அலமாரிக்குள் இயந்திரம் போக முடியாது. அங்கே கடைகளில் கிடைக்கும் தர்ஸ்டி ஹிப்போ டப்பாக்களை வைக்கிறோம். உள்ளிருக்கும் கால்சியம் குளோரைடு உப்பு ஈரத்தை இழுத்து அடியில் நீராகச் சேர்க்கும். அந்த நீர் பட்டிலோ தோலிலோ சிந்தினால் கறை போகாது என்பதால், டப்பாவை எப்போதும் கீழ்த்தட்டின் மூலையில் நிமிர்த்தி வைத்து, நிரம்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

இயந்திரம் வாங்கும்போது நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணைவிடத் தொட்டியின் கொள்ளளவைப் பாருங்கள். தொட்டி சிறியதாக இருந்தால் நள்ளிரவிலேயே நிரம்பி இயந்திரம் நின்றுவிடும். காலையில் துணியைத் தொட்டுப் பார்த்தால் பாதி ஈரத்தில் இருக்கும். மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி அல்லது நீரை நேரே குளியலறைக்குக் கொண்டுபோகும் குழாய் இணைப்பு, இரண்டில் ஒன்று அவசியம். காற்று வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். தொட்டியில் சேரும் நீர் குடிப்பதற்கு ஆகாது. நாங்கள் அதைக் கழிவறைக்கும் தரை துடைப்பதற்கும் பயன்படுத்துகிறோம்.